கரை கட்டிய எழுத்து

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கியிருக்கிறேன். தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குக் கீழே ஒரு வரி ஓடாது. மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு எழுந்துவிடுவேன். அம்மா உயிரோடு இருந்தவரை, அவளைக் குறை சொன்னதாகிவிடுமே என்று எழுதவில்லை. அவள் போன பிறகு, போனவளைப் பற்றி எப்படி எழுதுவது என்று எழுதவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். செல்லூரில் தறி ஓட்டிப் பிழைத்தவன். எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர், என்னை யாரென்று தெரியாமல், என் வீட்டுக் கதையை என்னிடமே சொன்னார்.

"மதுரையில ஒரு வீட்டுல கருமாதிக் காயிதத்துல கல்யாணப் பத்திரிக அடிச்சுட்டாகளாம் அண்ணே. பிரிச்சுப் பாத்த அன்னைக்கே மாமனாரு போயிட்டாராம். அந்தப் பிள்ள கடைசி வரைக்கும் வெளங்கவே இல்லயாம்."

நான் பாதி இலையில் எழுந்து கை கழுவப் போனேன்.

அந்தப் பிள்ளை என் மனைவி. கருமாதிக் காயிதத்தில் யாரும் எதையும் அடிக்கவில்லை. பிரித்த அன்றைக்கு யாரும் போகவில்லை. நடந்தது வேறு. என் மனைவி எங்கள் வீட்டில் இருந்த காலம் முழுவதும் எனக்குத் தெரிந்து ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டு நல்ல காரியம் ஒன்றில் ஆலத்தித் தட்டைத் தன் கையில் பிடித்து அவள் சுற்ற வேண்டும். அது என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன். திருப்பரங்குன்றத்து முருகன் அறிய, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எனக்குப் பெண் பார்த்தது எழுபதுகளின் நடுவில். பெண் வீடு திருப்பரங்குன்றம். அவள் அப்பா கோயில் வாசலில் தேங்காய் பழக்கடை வைத்திருந்தார். அவளுக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு அண்ணன். என் மச்சானான அவர், டவுனுக்குள் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். நிச்சயம் முடிந்த கையோடு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பத்திரிகை தன் பொறுப்பு என்று அவர் சொல்லிவிட்டார்.

"தங்கச்சிக்கு நான் வேற என்ன பெருசா செஞ்சுரப் போறேன் அத்தே. இதுவாச்சும் ஊரு பாக்கிற மாதிரி செய்யுறேன்" என்றார். அம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று.

ஒரு நாள் நூல் வாங்க டவுனுக்குப் போனவனை அச்சகத்துக்குள் கூப்பிட்டார்.

"மாப்ள, கையை நீட்டுங்க."

நீட்டினேன். உள்ளங்கையில் ஓர் ஈய எழுத்தை வைத்தார். சில்லென்று கனமாக இருந்தது.

"என்ன எழுத்து, சொல்லுங்க பாப்போம்."

அச்செழுத்து தலைகீழாக, இடவலமாக இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். விழித்தேன். அவர் சிரித்துக்கொண்டே அதை மையில் ஒற்றி ஒரு துண்டுத் தாளில் அழுத்தினார். ஓர் 'அ' வந்தது. நான் பார்த்த எந்த 'அ' போலவும் அது இல்லை. எழுத்துக்குள் மை இல்லை. சுற்றி ஒரு கோடு மட்டும் ஓடியது. ஓரிடத்தில் மயிரிழையாக மெலிந்து, ஓரிடத்தில் கொஞ்சம் தடித்து, வளைவு முடிகிற இடத்தில் வெற்றிலைக் கொடியின் நுனி போலச் சுருண்டிருந்தது. பித்தளைக் குடத்தில் பெயர் வெட்டுகிறவர் உளியால் தட்டித் தட்டி ஓரம் மட்டும் கொண்டுவருவாரே, அப்படி. உள்ளே தாளின் வெள்ளை அப்படியே நின்றது.

"அவுட்லைன்னு பேரு. புதுசா வந்து இறங்கியிருக்கு. வரைஞ்சவரு அந்தக் காலத்துப் புத்தக அட்ட, நாடக நோட்டீசு எல்லாம் வச்சுப் பாத்து அதே சாடையில வரைஞ்சிருக்காராம். பேருக்கும் தலைப்புக்கும் மட்டுந்தான் ஆகும் மாப்ள. பூராத்தையும் இதுல அடிச்சா கண்ணு கூசும்."

"இதுக்கு முன்னாடி யாருக்கு அடிச்சீக?"

"யாருக்கும் இல்ல. மொத வேல நம்ம பத்திரிகதான். மொத பேரு என் தங்கச்சி பேரு. மொதலாளிகிட்டச் சொல்லி வச்சுட்டேன்."

அவள் பெயரில் ஒரு 'லை' வரும். அப்போதெல்லாம் 'லை' பழைய மாதிரிதான், யானை துதிக்கையைத் தூக்கி வளைத்த மாதிரி. அந்த எழுத்தை மட்டும் தனியாக எடுத்து ஒற்றிக் காட்டினார். துதிக்கைக்குள் வெள்ளையும், ஓரத்தில் அந்த மெல்லிய கோடும். நானே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இந்த லைக்காகத்தான் மாப்ள" என்றார் மச்சான்.

பத்திரிகை வந்தது. செய்தி எல்லாம் வழக்கமான சிவப்பு எழுத்தில். தலைப்பும், பிள்ளையார் சுழியும், எங்கள் இருவர் பெயரும் மட்டும் அந்த எழுத்தில். கோடு மெல்லிசாக இருப்பதால் சாதாரணச் சிவப்பு எடுபடவில்லை என்று அதற்கு மட்டும் நல்ல அரக்குச் சிவப்பாகப் போட்டிருந்தார். வெயிலில் அரக்கு. வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் கறுப்படித்த மாதிரி இருக்கும். அப்பா கண்ணில் ஒற்றிச் சாமி முன்னால் வைத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவினோம். முதல் பத்திரிகை குன்றத்து முருகனுக்கு. பிறகு சொந்தக்காரர்களுக்கு வைக்க அப்பா, அம்மா, நான் மூவரும் எழுமலைக்கு பஸ் ஏறினோம். எங்களுக்குப் பூர்வீகம் அது. மழை பொய்த்த வருடங்களில் புஞ்சைக் காட்டை விட்டுவிட்டு அப்பா செல்லூருக்குத் தறி வேலைக்கு வந்தவர்.

எழுமலையில் பெரியப்பா வீடுதான் எங்களுக்குத் தலைவீடு. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வருகிற காயிதம் என்ன காயிதம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். மூலையில் மஞ்சள் இருந்தால் நல்ல காரியம். ஓரத்தில் கறுப்புக் கரை கட்டியிருந்தால் கருமாதி. கரை கட்டிய காயிதத்தை எங்கள் பக்கம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் படிப்பு.

பெரியப்பா பத்திரிகையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"என்ன தம்பி இது, மூலையில மஞ்சத் தடவியிருக்க. நடுவுல பாத்தா எழுத்துக்கு எழுத்து கரை கட்டியிருக்கு" என்றார் அப்பாவிடம். "இப்ப நான் மொய்யோட வரவா, கோடியோட வரவா?"

செத்தவர்களுக்கு எடுத்துவரும் புதுத்துணிதான் கோடி. இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா வாய் அப்படிப்பட்ட வாய் என்று ஊருக்கே தெரியும். அப்பாவும் விடவில்லை.

"ரெண்டையும் கொண்டாண்ணே. எது ஆகுதோ அதுக்கு வச்சுக்கிருவோம்."

"பிள்ளையார் சுழியக்கூட ஓட்டையாப் போட்டுருக்கான்டா. அவரு தொப்பையில இருந்த கொழுக்கட்டய எவன் தின்னான்?"

மறுபடியும் சிரிப்பு. காப்பி வந்தது. நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

திரும்பும்போது உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் அம்மா கேட்டாள். "இந்தக் காயிதத்த எல்லாம் திருப்பி அடிக்க முடியாதா?"

"எதுக்கு? அண்ணன் கேலி பேசுறது இன்னைக்கா நேத்தா" என்றார் அப்பா.

"நான் சும்மாதான் கேட்டேன்."

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. திருப்பி அடிக்க நாள் இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும். மறுநாள் மத்தியானம் நான் தறியை விட்டுச் சாப்பிட வந்தால், கூடத்தில் பாய் விரித்துப் பத்திரிகைகள் பரத்திக் கிடக்கின்றன. ஒரு கிண்ணத்தில் குங்குமத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்திருக்கிறாள் அம்மா. அம்மாவும் என் தங்கையும் ஆளுக்கொரு தீக்குச்சியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்துக்குள்ளேயும் குங்குமத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். வெறும் கரையாக இருந்தால்தானே கருமாதி. உள்ளே குங்குமம் ஏறிவிட்டால் மங்களம். அம்மாவின் கணக்கு அது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நானும் ஒரு குச்சியை எடுத்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் மீதிப் பத்திரிகைக் கட்டோடு வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். குங்குமம் கோட்டைத் தாண்டி வழிந்து, சுருள் எல்லாம் மூடி, பெயர்கள் பிள்ளைகள் சாப்பிட்ட வாய் மாதிரி இருந்தன. அம்மாவுக்குச் சங்கடம்.

"வாங்க தம்பி. எழுத்து நல்லாத்தான் இருக்கு. யாரும் ஒண்ணும் சொல்லல. இன்னுங் கொஞ்சம் மங்களகரமா இருக்கட்டுமேன்னு..."

அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

"குச்சியக் குடுங்க அத்தே. நான் போடுறேன். நான் போட்டா வெளிய போகாது."

பொழுது சாயும் வரை அவரே நிரப்பினார். அவர் குச்சி ஒரு தடவை கூடக் கோட்டைத் தொடவில்லை. தங்கச்சி பெயர் வருகிற இடத்தில் மட்டும் நிரப்பி முடித்துவிட்டு மெள்ள ஊதுவார். போகும்போது, "மாப்ள, இது அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் நினைக்காதது ஒன்று. தண்ணீரில் குழைத்த குங்குமம் காகிதத்தில் பிடித்து நிற்காது. காய்ந்ததும் உதிரும். நாங்கள் உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்த பத்திரிகைகளை அவரவர் வீட்டில் பிரித்து உதறியபோது, எழுத்து பழையபடி வெறுமையாக இருந்திருக்கிறது. குங்குமம் தரையில் கொட்டியிருக்கிறது. குங்குமம் கை தவறிக் கொட்டினாலே எங்கள் பெண்கள் பதறிப்போவார்கள். கல்யாணப் பத்திரிகையில் இருந்து கொட்டினால் என்ன நினைப்பார்கள். ஆனால் அப்போது யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஈரத்துணி வைத்துத் துடைத்துவிட்டுக் கல்யாணத்துக்கு வந்தார்கள், வாழ்த்தினார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள்.

கல்யாணம் திருப்பரங்குன்றம் கோயிலில் நடந்தது. நல்லபடியாக நடந்தது என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. வந்த நாளிலிருந்து அவள் விடிவதற்கு முன் குளித்து வாசல் தெளித்து விளக்கேற்றினாள். அம்மா அவளைத் தெருப்பெண்களிடம் காட்டிக் காட்டிப் பேசினாள். அப்பாவுக்கு அவள் போடும் சுக்குக் காப்பிதான் வேண்டும். குங்குமம் படாத ஒரு பத்திரிகையை அவள் தன் டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெயர்கள் தெரியும். "எங்கண்ணன் அடிச்சது. வேற எந்தப் பிள்ளைக்கு இந்த மாதிரி எழுத்துல பேரு வந்துருக்கு" என்று என் தங்கையிடம் சொல்வாள்.

அப்பாவுக்குப் பல காலமாகவே இருமல். தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கியிருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் தலைதீபாவளிக்கு முன்னால் அவர் போய்விட்டார்.

எழுமலையிலிருந்து பெரியப்பா கோடித்துணியோடு வந்தார். வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"கோடியோட வரவான்னு கேட்டேனே தம்பி. என் நாறவாயில வந்துச்சே."

அவர் தன் வாயைத்தான் நொந்துகொண்டார். அதோடு விட்டிருந்தால் அது அவரோடு போயிருக்கும். பக்கத்தில் இருந்த பெண்களில் ஒருத்தி அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். "உங்க வாயில என்ன இருக்கு மாமா. அது எழுத்துலயே வந்துருச்சு."

அப்போதுதான் ஒவ்வொரு வீடாக வெளியே வந்தது. "எங்க வீட்டுலயும் குங்குமங் கொட்டுச்சு." "எங்க வீட்டுல சாமி மாடத்துல கொட்டுச்சு. நான்தான் சொல்ல வேணாம்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்." என் மனைவி அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பேசியது எல்லாம் அவள் காதுக்கு எட்டும் தூரத்தில்தான்.

கருமாதிக் காயிதத்தையும் மச்சான்தான் அடித்துக்கொண்டு வந்தார். இருப்பதிலேயே தடித்த எழுத்தாகப் பார்த்துப் போட்டிருந்தார். உள்ளே ஒரு பொட்டு வெள்ளை தெரியவில்லை. அதைக் கொடுத்துவிட்டு அவர் தண்ணீர் கூடக் குடிக்காமல் போனார்.

அம்மா ஒருநாளும் என் மனைவியைக் கடிந்து பேசியதில்லை. அதை நான் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் நல்ல காரியத்துக்கு யாராவது வீட்டை விட்டு இறங்கும்போது, "ஏத்தா, அடுப்புல பாலப் பாத்துக்க" என்பாள். என் மனைவி அடுப்படிக்குப் போய்விடுவாள். அடுப்பில் பால் இருக்காது. வளைகாப்பு வீடுகளுக்கு அம்மா தனியாகப் போய், தாலி இழந்தவள் என்பதால் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருவாள். சொந்தத்துக்குள் என் மனைவிக்கு 'கரை கட்டி வந்தவ' என்று பெயராகிவிட்டது. எதிரில் யாரும் சொல்லவில்லை. எங்கள் காதுக்கு வராமலும் இல்லை.

வருடங்கள் போயின. எங்களுக்குக் குழந்தை இல்லை. அப்போது அதே எழுத்தை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தார்கள். முதலில் கரையைப் படித்தார்கள். இப்போது நடுவில் இருந்த வெள்ளையைப் படித்தார்கள். "உள்ள ஒண்ணுமே இல்லாத எழுத்துல்ல. பெறகு வயித்துல எங்கிட்டு இருந்து தங்கும்" என்று தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி சொன்னதை என் மனைவியே வந்து என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "எழுத்து என்னங்க பண்ணும்? அது அழகாத்தான இருந்துச்சு" என்றாள். நான் கார்த்திகைக்குக் கார்த்திகை குன்றத்துக்கு நடந்தேன். அவள் சஷ்டி விரதம் இருந்தாள். முருகன் தரவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஏன் தரவில்லை என்று கேட்கவும் எனக்குத் தெரியவில்லை.

இப்படியிருக்கும்போது என் தங்கைக்கு மாப்பிள்ளை அமைந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. மண்டபத்து வாசலில் மாப்பிள்ளைக்கு ஆலத்தி சுற்றி அழைப்பது எங்கள் பக்கம் பெண்ணின் மதினிக்கு உள்ள முறை. என் மனைவி என்னிடம், "இந்தத் தடவை அத்தை என்னைத்தான சொல்வாக?" என்று கேட்டாள். அம்மாவிடம் பேசியது என் தங்கைதான்.

"மதினி ஆலத்தி எடுக்கணும். இல்லாட்டி நான் கூறச்சேலையக் கையில தொட மாட்டேன்."

அம்மா வெகுநேரம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தாள். "எடுக்கட்டும். நான் வேணாம்னா சொன்னேன்" என்றாள்.

அந்தக் கல்யாணப் பத்திரிகையும் மச்சான் அச்சகத்தில்தான். அடிப்பதற்கு முன் மாதிரித் தாளை எடுத்துவந்து அம்மாவிடம் காட்டினார். அதற்குள் அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்தி, துதிக்கை வைத்த 'லை' போய்ப் புது 'லை' வந்திருந்தது. எல்லாம் உள்ளே மை நிறைந்த கெட்டி எழுத்து. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தாள்.

"இந்தா, இதுல ஓட்டை இருக்கே தம்பி."

"அது ணகரத்துச் சுழி அத்தே. அதையும் அடைச்சுட்டா எந்த எழுத்துன்னு தெரியாமப் போயிரும்."

"மூணு சுழி இருக்கே. ஒண்ணக் கொறைக்க முடியாதா?"

"கொறைச்சா அது வேற எழுத்து அத்தே."

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மாவும் சிரித்துவிட்டாள். மச்சானும் சிரித்தார். எங்கள் வீட்டில் வெகுகாலத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நம்பினேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் அவள் தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கினாள். காலையில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, நிறம் போதுமா என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நல்ல சிவப்பாக இருந்தது. மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்ததும் தட்டை ஏந்திக்கொண்டு மண்டபத்து வாசலில் போய் நின்றாள். நான் பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். அம்மா எனக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் வாசலை நெருங்கும்போது, எழுமலையிலிருந்து வந்திருந்த சின்னம்மா, என் அம்மாவின் தங்கை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தட்டு கனமா இருக்கும் தாயி, இங்கிட்டுக் குடு. உள்ள காப்பி ஊத்த ஆளில்லாமக் கெடக்கு. நீ போயி அதப் பாரு."

பதமாகத்தான் சொன்னார். குரலில் கோபம் இல்லை. என் மனைவி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேளம் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே நேரம் மாப்பிள்ளையின் தகப்பனார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பன்னீர் தெளித்தேன். வாங்க வாங்க என்றேன். நான் திரும்பிப் பார்த்தபோது தட்டு சின்னம்மா கையில் சுற்றிக்கொண்டிருந்தது. என் மனைவி விரலில் பட்டிருந்த ஆலத்தித் தண்ணீரை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பந்தி முடியும் வரை அவள் வெளியே வரவில்லை. என் தங்கை மணவறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவளே சொன்னாள்.

"கொஞ்ச நேரமாச்சும் கையில இருந்துச்சுல்ல."

அதன் பிறகு எங்கள் வீட்டில் நல்ல காரியம் என்று ஒன்று வரவில்லை. வருவதற்குப் பிள்ளைகள் இல்லை. எண்பதுகள் முடியப்போகும் சமயம் அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. நாட்டுமருந்தும் பார்த்தோம், ஆஸ்பத்திரியும் பார்த்தோம். முருகனிடம் இந்த ஒன்றையாவது கொடு என்று கேட்டேன். அவள் நிற்கவில்லை.

சுமங்கலியாகப் போனவளுக்கு எங்கள் பக்கம் செய்யும் முறை இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். குளிப்பாட்டி, முகத்துக்கு மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, பூச்சூட்டி உட்கார வைத்தார்கள். தாலி இழந்தவள் வைப்பது முறையில்லை என்றாலும் அம்மாதான் குங்குமம் வைத்தாள். பிறகு பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவள் காலைத் தொட்டு, அவள் நெற்றிக் குங்குமத்தில் கொஞ்சம் எடுத்துத் தங்கள் நெற்றியிலும் தாலியிலும் வைத்துக்கொண்டார்கள். மஞ்சளும் பூவும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சின்னம்மா வந்தார். குழாயடியில் பேசியவள் வந்தாள். எழுமலையிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். கூட்டம் வாசல் வரை நின்றது. "புருசன் இருக்கையில பூவும் பொட்டுமாப் போயிட்டா, குடுத்து வச்ச மகராசி" என்றார்கள். கல்யாணமாகாத ஒரு பெண்பிள்ளையை அவள் அம்மா முன்னால் தள்ளி, "வாங்கிக்கடி, நல்லது" என்றாள். உயிரோடு இருந்தபோது அவளிடமிருந்து ஒருத்தியும் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. நான் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மச்சான் வந்தார். அவருக்கும் அதற்குள் தலை நரைத்துவிட்டது.

"மாப்ள, காயிதம் அடிக்கணும். பேர எந்த எழுத்துல போட?"

நான் டிரங்குப் பெட்டியைப் பார்த்தேன். அவரே சொன்னார்.

"அந்த எழுத்து இன்னும் பெட்டியிலதான் கெடக்கு. நம்ம கல்யாணத்துக்குப் பெறகு யாருக்கும் போடல. எனக்குக் கை வரல. அவ ஆசப்பட்ட எழுத்து மாப்ள. அவ பேருக்கு வேற எதுவும் பொருந்தல."

"போடுங்க" என்றேன்.

அப்படியே அடித்தார். காகிதத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை. நடுவில் அவள் பெயர், அதே எழுத்தில், அதே பழைய துதிக்கை 'லை'யோடு, இப்போது கறுப்பு மையில். அது வந்த அன்று அழகாக இருந்தது என்று எழுதப் பாவமாக இருக்கிறது. ஆனால் இருந்தது. ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பா மகன் கூட, "எழுத்து இதுக்குப் பொருத்தமா இருக்கு சித்தப்பா" என்று சின்னம்மாவின் வீட்டுக்காரரிடம் சொன்னான்.

அதற்குப் பிறகு நடந்ததை மச்சான் வெகுநாள் என்னிடம் மறைத்தார். அந்தக் காயிதம் போன வீடுகளிலிருந்து, அவரவர் வீட்டில் சாவு விழுந்தபோது, அதே எழுத்தில் வேண்டும் என்று அச்சகத்துக்குத் தேடி வந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் கேட்க, செல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் அது பரவிவிட்டது. அச்சகத்தில் அதற்கு அவுட்லைன் என்ற பெயர் போய், 'கருமாதி எழுத்து' என்றே பெயராகிவிட்டது. பெட்டியின் மேல் சீட்டெழுதி ஒட்டியும் விட்டார்கள். பெரியப்பா கேலியாகச் சொன்னது பொய்யாகத்தான் இருந்தது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அதை மெய்யாக்கிவிட்டோம். மச்சான் அந்த வேலையை விட்டுவிட்டுத் தன் அப்பாவின் தேங்காய்க் கடையில் உட்கார்ந்தார். கடைசி வரை அங்கேதான் இருந்தார்.

டிரங்குப் பெட்டி என்னிடம் இருக்கிறது. மூடியில் ஒட்டிய பத்திரிகை மங்கிவிட்டது. கோடு மெல்லிசு என்பதால் அதுதான் முதலில் மங்கியது. பெயர் இருந்த இடம் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. தினமும் விளக்கேற்றும்போது அந்தப் பக்கம் ஒரு பூ வைக்கிறேன். அவள் பெயரைச் சொல்லி முருகனிடம் கேட்க இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை. கும்பிட மட்டும் செய்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். எங்காவது பந்தியில், பஸ்ஸில், இந்தக் கதையை யாராவது வேறு மாதிரி சொன்னால், நடந்தது இப்படித்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள். குங்குமம் கொட்டியதோடு நிறுத்திவிடாதீர்கள். அது ஏன் கொட்டியது என்பதையும் சொல்லுங்கள். தட்டு அவள் கையில் கொஞ்ச நேரம் இருந்தது என்பதைச் சொல்லுங்கள். நல்லதாகவோ கெட்டதாகவோ உங்கள் பங்குக்கு இதற்குள் எதையும் வைத்து நிரப்ப வேண்டாம். நான் எழுதியிருக்கிறபடியே, வெறுமையாக இருக்கிற இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.